பெயரோடு ஒரு பெட்டிசம்

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணத்தில் மாகாணத் திணைக்களம் ஒன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் பிரிவில் ஒரு பதவி மூன்று வருடமாக ஆளில்லாமல் இருந்தது. அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தது நான்தான். மூன்று கிழமைக்கு முன் நேர்முகத்தின் முடிவு வந்தது. என்னைவிடச் சேவைக் காலம் குறைந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது கந்தோருக்குப் போகவே மனமில்லை. வருகிற சனத்தோடு முகம் கொடுத்துக் கதைக்க முடியவில்லை. 'கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே' என்கிறார் அம்மா. கூட வேலை செய்யும் ஒருவர், பெயர் போடாமல் மேலிடத்துக்கு ஒரு பெட்டிசம் தட்டிவிடச் சொல்கிறார். கணவர் கனடாவுக்குப் போய்விடுவோம் என்கிறார். இந்த ஏமாற்றத்தில் இருந்து எப்படி வெளியே வருவது?

(பெயரை நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தங்கச்சி,

நேர்முகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்து எனக்கு அதிர்ச்சி ஒன்றும் வரவில்லை. 'வருகிற சனத்தோடு முகம் கொடுத்துக் கதைக்க முடியவில்லை' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

அந்தச் சனம் உங்களுக்கு என்ன செய்தது? நெடுந்தீவில் இருந்து காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கே பஸ் பிடித்து, உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற மனுசிக்கு நேர்முகத்தில் யார் இருந்தார்கள், யாருக்கு எத்தனை புள்ளி என்று ஏதும் தெரியுமா? 'ஐயா இல்லை, நாளைக்கு வாங்கோ' என்று நீங்கள் தலை நிமிராமல் சொன்னால் அவவுக்கு அன்றைய கூலி போச்சு. எங்கள் கந்தோர்களில் சிடுசிடுக்கிற ஆட்கள் பிறக்கும்போதே அப்படி இருந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பாதிப்பேர் உங்களைப் போல எங்கேயோ அடிபட்டவர்களாகத்தான் இருப்பார்கள். அடித்தவனிடம் கேட்கப் பயம், முன்னால் நிற்கிறவரிடம் காட்டினால் கேட்க ஆளில்லை.

கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன் போலிருக்கிறது. இன்னொருவரின் வேலையை மூன்று வருடம் சுமந்த ஆள் அழுதால் அதில் பிழை இல்லை. நன்றாக அழுங்கள். ஆனால் அந்த மேசைக்கு உங்கள் பக்கத்திலேயே வைத்து அழுங்கள்.

என் அப்பா தபால் கந்தோரில் கிளாக்கர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு அரசாங்க வேலையில் இருந்த தமிழர்கள் சிங்களப் பரீட்சை எழுத வேண்டி வந்தது. சித்தியடையாதவர்களுக்குச் சம்பள ஏற்றம் நின்றது. அப்பா எழுதமாட்டேன் என்று இருந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவருக்கு மேலே போனார்கள். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்ட அரசாங்கக் கந்தோருக்கு) முன்னால் சத்தியாக்கிரகம் நடந்தபோது தமிழரசுக் கட்சி சொந்தமாகத் தபால் முத்திரையே வெளியிட்டது. அரசாங்கத் தபாலில் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த முத்திரை ஒன்றைப் பெட்டகத்தில் ஒளித்து வைத்திருந்த மனுசன் அவர்.

கவுண்டரில் அவரைப் போலத் தங்கமான ஆள் கிடையாது என்று ஊரில் இப்பவும் சொல்வார்கள். காசுக்கட்டளை மாற்ற வருகிற கிழவிகளுக்குப் படிவத்தை அவரே நிரப்பிக் கொடுப்பார். பின்னேரத்தில் வீட்டு விறாந்தையில் இருந்து ஊருக்குப் பெட்டிசம் எழுதுவார். பூல்ஸ்காப் தாளின் இடது பக்கத்தை ஒருக்கால் மடித்து விரித்து, அந்த மடிப்பில் இருந்துதான் எழுத்துத் தொடங்கும். கீழே காபன் தாள். 'கொப்பி வைக்காமல் கடிதம் அனுப்பாதே' என்று வந்தவர்களை ஏசுவார். காணிக்கு, இடமாற்றத்துக்கு, பென்சனுக்கு என்று எத்தனையோ பேருக்கு எழுதியவர் தனக்காக ஒரு வரி எழுதவில்லை. அந்த ஏமாற்றமெல்லாம் எங்கே போனது? எங்கள் குசினிக்குள் போனது. சோற்றில் ஒரு கல் கடிபட்டால் கோப்பை முற்றத்தில் கிடக்கும். வாங்கிக் கட்டிக்கொண்டது அம்மா. ஊர் சொன்ன அந்தத் தங்கத்தை நாங்கள் கண்டதில்லை.

அதனால் 'கடமையைச் செய்' கதையை விடுங்கள். அதை அடுத்தவருக்குச் சொல்வது லேசு.

பெயர் போடாத பெட்டிசத்தையும் விடுங்கள். மொட்டைப் பெட்டிசம் எழுதுவதில் யாழ்ப்பாணத்தாரை அடிக்க ஆள் இல்லை. பள்ளிக்கூட அதிபர், கோயில் தலைவர், சங்கக் கடை மனேஜர், ஒருவரையும் நாங்கள் மிச்சம் விட்டதில்லை. ஆனால் சொந்தப் பெயரில், கையெழுத்தும் திகதியும் போட்டு, 'எனக்கு இப்படி நடந்தது, காரணம் சொல்லுங்கள்' என்று கேட்கச் சொல்லிப் பாருங்கள், கை நடுங்கும். பெயர் இல்லாத கடிதத்துக்கு யார், எந்த முகவரிக்குப் பதில் போடுவது? கடைசியில் தெரிவான அந்தப் பிள்ளையின் பெயர்தான் நாறும். அவர் விண்ணப்பம் போட்டார், கிடைத்தது. புள்ளி போட்டது அவரில்லையே.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம், 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அரச ஊழியரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது! புள்ளித் திட்டம் என்ன, எந்தப் பகுதியில் எனக்கு எத்தனை புள்ளி என்று உங்கள் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கூடவே, திணைக்களத் தலைவர் ஊடாக மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கு ஒரு முறையீடு எழுதுங்கள். அடிப்படை உரிமை மனு என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் ஒரு மாதம்தான் அவகாசம். உங்களுக்கு மூன்று கிழமை ஏற்கெனவே போய்விட்டது, புள்ளி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நாளைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். புள்ளிகள் வந்த பிறகு, அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே கூடத்தான் என்று தெரியவும் கூடும். அப்போது கோபத்தை என்ன செய்வது என்று இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

கனடாவைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். என் தம்பிமார் இருவர் அங்கே இருக்கிறார்கள். ஒருவன் இந்தப் பக்கம் வந்துவிடாதே என்கிறான், மற்றவன் ஏன் இன்னும் வரவில்லை என்கிறான். அதை உங்கள் கணவரோடு ஆறுதலாக இருந்து கதையுங்கள், முறையீட்டைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகு.