வலப்பக்க டயர் ஏன் பெரிது?

கேள்வி: சின்ன ஓவல் (நீள்வட்ட) தடங்களிலேயே ஆயுள் முழுக்க ஸ்டாக் கார் (சாதாரணக் கார் வடிவிலான பந்தயக் கார்) ஓட்டி ஒருவர் பேர் வாங்க முடியுமா? டேடோனா மாதிரி பெரிய தடத்துக்குப் போனால்தானே மதிப்பு? (கோவை வாசகர்)

பதில்: ரிச்சி எவன்ஸ் வாங்கினாரே! நியூயார்க் மாநிலத்து ரோம் ஊர்க்காரர். அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் தேசிய மாடிஃபைட் (மாற்றியமைத்த கார்களுக்கான பிரிவு) பட்டம் அவருக்கு ஒன்பது முறை: 1973-இல் ஒன்று, பிறகு 1978 முதல் 1985 வரை வரிசையாக எட்டு. கடைசிப் பட்டம் உறுதியான பிறகு, 1985 அக்டோபரில், மார்ட்டின்ஸ்வில் தடத்தில் பயிற்சியின்போது சுவரில் மோதி இறந்தார். அவருடைய கார் எண்ணான 61-ஐ மாடிஃபைட் தொடரில் வேறு யாருக்கும் தருவதில்லை. 2012-இல் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமில் (புகழ் மண்டபத்தில்) சேர்த்தார்கள்.

விஸ்கான்சின்காரர் டிக் டிரிக்கிள் 1941-இல் பிறந்தவர். குறுந்தடங்களில் பல நூறு வெற்றிகளைக் குவித்துவிட்டு, 1989-இல்தான் நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரில் ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். ஒரு மைலுக்குக் குறைந்த தடத்தில் பழகிய கை எங்கே போனாலும் வீண்போகாது என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: பின்பக்கம் வலது டயர் இடதைவிடப் பெரிதாக இருக்குமாமே, எதற்கு? எவ்வளவு? (மதுரை வாசகி)

பதில்: இந்தச் சுற்றளவு வித்தியாசத்தை ‘ஸ்டாகர்’ என்பார்கள். இந்தக் கார்களில் பலவற்றில் பின் சக்கரம் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டியிருக்கும். ஓவலில் எப்போதும் இடப்பக்கமே திரும்புவார்கள்; அப்போது வலது சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். சுழலும் வேகத்தைக் கூட்ட முடியாது, அதனால் சுற்றளவைக் கூட்டுகிறார்கள்.

கணக்கு எளிது. டயர் சுற்றளவை இரு பின் சக்கரங்களின் இடைவெளியால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். சுற்றளவு 86 அங்குலம், இடைவெளி 65 அங்குலம், ஆரம் 200 அடி (2400 அங்குலம்) என்றால் விடை சுமார் 2.3 அங்குலம். ஆரம் 120 அடியாகச் சுருங்கினால் கிட்டத்தட்ட 4 அங்குலம். இது தொடக்கப் புள்ளிதான். மீதியை ஓட்டிப் பார்த்துத் திருத்த வேண்டும்.

அளக்கும்போது பந்தயத்துக்கு வைக்கும் காற்றழுத்தத்திலேயே, டயரின் நடுவில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். பயாஸ் பிளை (உள் இழைகள் சாய்வாகக் குறுக்கே ஓடும்) டயரில் அழுத்தம் ஏறினால் சுற்றளவும் ஏறும். ஓட ஓட வலப்பக்க டயர்தான் அதிகம் சூடாகும். முதல் சுற்றில் சரியாக இருந்த ஸ்டாகர் முப்பதாவது சுற்றில் கூடிப்போய், வால் வெளியே வீசும். ஈரக்காற்று அடைத்தால் அழுத்தம் இன்னும் தாறுமாறாக ஏறும், அதனால் பலர் நைட்ரஜன் அடைக்கிறார்கள். ஸ்டாகர் குறைந்தால் கார் திரும்ப மறுக்கும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிப்பார், வலது முன் டயர் தேய்ந்து தீரும்.

கேள்வி: கார் திரும்பாமல் நேரே ஓடினால், முதலில் எதைத் திருத்துவது? (சேலம் வாசகர்)

பதில்: வளைவில் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா என்பதை ஓட்டுநர் முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். ‘டைட்டாக இருக்கிறது’ (திரும்ப மறுக்கிறது) என்று மொட்டையாகச் சொன்னால், பிட்டில் (காரைச் சரிசெய்யும் இடத்தில்) நிற்பவர் எதைத் தொடுவார்? வளைவு முழுக்கவே டைட் என்றால், குறுக்கு எடையைக் குறைக்கலாம். வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் சேர்ந்து தாங்கும் எடை அது. இடது பின் ஸ்பிரிங்கின் திருகை அரைச் சுற்று தளர்த்தி, ஐந்தாறு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கூடவே காற்றழுத்தத்தையும் மாற்றிவிட்டால், எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.