கொறங்காடும் கூலிக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர் பக்கம் எங்களுக்கு 8 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், இருக்கிறது. அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. நான் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஊரில் அம்மா மட்டும்தான். இருபது ஆடு, ஒரு காங்கேயம் பசு, அதன் கன்று. பெரிதாக வேலை ஒன்றும் இல்லை, சும்மா பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். சோலார் கம்பெனிக்காரர்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். நண்பர்கள் சொட்டுநீர் போட்டு முருங்கை வைக்கச் சொல்கிறார்கள். எனக்கோ வேலையை விட்டுவிட்டு வந்து நாட்டு மாட்டுப் பண்ணை வைக்க ஆசை. வரவு செலவு அட்டவணை இணைத்திருக்கிறேன். ஆட்டில் மட்டுமே நல்ல லாபம் தெரிகிறது. எதைச் செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரம் வெள்ளகோவில் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் இருந்தேன். முந்தின ராத்திரி அவர்கள் பட்டிக்குள் நாய்கள் புகுந்துவிட்டன. கழுத்து கடிபட்ட ஆடுகளை வேப்பமரத்தடியில் கிடத்தியிருந்தார்கள். அந்த வட்டாரத்தில் செத்த ஆடுகளோடு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்து இழப்பீடு கேட்டதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வந்தவர்கள் எல்லோரும் நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு அம்மா மட்டும் தெற்கு வேலியைக் காட்டி, "காய்ச்சல்ல படுத்துட்டேன், இந்தப் பக்கம் வந்து பார்க்க ஆளில்லாமப் போச்சு" என்றார். அந்த நினைப்போடுதான் உங்கள் அட்டவணையைத் திறந்தேன்.

தவிடு, தடுப்பூசி, வண்டி வாடகை, கன்னிவாடி ஆட்டுச் சந்தைக்குப் போய்வரும் செலவு என்று ஒன்றுவிடாமல் போட்டிருக்கிறீர்கள். கூலிக்கான கட்டத்தில் மட்டும் பூஜ்யம். பிறகு கடிதத்தில், அம்மாவுக்குப் பெரிதாக வேலை ஒன்றும் இல்லை என்று ஒரு வரி. கோபம் வந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். உங்கள் லாபம் மொத்தமும் அந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் போட்டு அதே அட்டவணையைத் திரும்பக் கூட்டிப் பாருங்கள். இருபது ஆட்டில் என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும்.

கொறங்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காய்ந்த பொட்டல்தான் கண்ணில் படும். நீங்கள் அங்கேயே பிறந்தவர். தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மழை குறைந்த அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் பிழைத்தது இந்த மூன்றை வைத்துத்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைக்குப் புல் எழும்பும். சித்திரையில் புல் தீர்ந்துபோகும்போது வெள்வேலங்காய் உதிரும், ஆடு அதைப் பொறுக்கித் தின்னும். காட்டைப் பல துண்டுகளாக வேலி போட்டுப் பிரித்திருப்பார்கள். ஒன்றில் மேய்ச்சல் நடந்தால் இன்னொன்று புல் தேறக் காத்திருக்கும். வேலி ஒழுங்காக இருந்தால் கூடவே போய் மேய்க்க ஆள் வேண்டாம். காலையில் படலைத் திறந்து உள்ளே விட்டால் அவை பாட்டுக்கு மேயும். உங்கள் அம்மா தனி ஆளாக இத்தனையும் சமாளிப்பது அதனால்தான். "சும்மா பார்த்துக்கொள்கிறார்" என்று உங்களுக்குத் தோன்றுவதும் அதனால்தான்.

ஆனால் அந்த வேலி தானாக நிற்பதில்லை. மூலனூரில் என் அம்மாயி (அம்மாவின் அம்மா) விடிந்ததும் காபி குடித்த கையோடு தொரட்டியும் அருவாளும் எடுத்துக்கொண்டு வேலி ஓரமாக நடப்பார். நானும் பின்னாலேயே போவேன். ஓர் இடத்தில் நின்று முள்ளில் சிக்கிய மயிரை விரலால் எடுத்துப் பார்ப்பார். செம்மறியுடையதா, நாயுடையதா என்று அவருக்குத் தெரியும். ஆட்டு மயிர் என்றால் ஒன்று வெளியே போய்ப் பழகியிருக்கிறது, சாயங்காலம் எண்ணும்போது அதைக் கவனிக்க வேண்டும். நாய் மயிர் என்றால் அன்று வேறு வேலை கிடையாது. பக்கத்துக் கிளுவையில் இளசான கிளையாகப் பார்த்து, ஒடியாமல் சந்துக்குக் குறுக்கே வளைத்து அடுத்த செடியோடு பின்னிவிடுவார். கீழே காய்ந்த முள்ளைக் கவைக்கோலால் தள்ளி அடைப்பார். வளைத்த கிளை மழைக்குத் தழைத்துக்கொள்ளும், காய்ந்த முள் அதுவரைக்கும் காவல். அது முடிந்து தாழிக்குத் தண்ணீர், அப்புறம் பால், சாணி, பட்டி கூட்டுவது. மதியம் வரை நான் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியது தாத்தா. பணம் அவர் இடுப்புக்குப் போனது. பண்ணையம் பார்ப்பவர் யார் என்று கேட்டு வந்தவர்களிடமும் தாத்தா பெயரைத்தான் சொன்னார்கள். அம்மாயியை வீட்டு வேலை என்று எழுதிக்கொண்டு போனார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

நெல்லுக்கும் பருப்புக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை கணக்கிடும்போது, கையிலிருந்து கொடுத்த செலவோடு குடும்பத்தார் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போட்டு ஏ2+எஃப்எல் என்று அரசாங்கமே ஒரு செலவுக் கணக்கு வைத்திருக்கிறது. அது போதாது, நிலத்தின் வாடகையையும் முதலுக்கான வட்டியையும் சேர்த்த சி2 செலவின் மேல் ஐம்பது சதவீதம் கொடு என்றுதான் இத்தனை வருடப் போராட்டம். ஆட்டுக்குட்டிக்கு அந்த விலையும் கிடையாது. கண் மதிப்பில் கேட்பார்கள், தருவார்கள். அரசாங்கக் கணக்கிலாவது குடும்ப உழைப்புக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பெற்ற மகன் போட்ட கணக்கில் இல்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சோலாரைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. தகடு பதித்தால் வெள்வேலும் கிளுவையும் போய்விடும், திரும்ப வளர்க்க ஒரு தலைமுறை ஆகும், அவ்வளவுதான். முருங்கைக்கு உங்கள் ஊர் பெயர் பெற்றது. தண்ணீர் இருக்கிறதா என்று கிணற்றை எட்டிப் பாருங்கள்.

நாட்டு மாட்டுப் பண்ணை ஆசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியபோது காங்கேயம் காளையின் படம் எல்லா இடத்திலும் இருந்தது. அந்தச் சூட்டில் மாடு வாங்கியவர்கள் எனக்குப் பலரைத் தெரியும், பாதிப் பேர் விற்றுவிட்டார்கள். காங்கேயம் பசு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தால் அதிகம். அது உழவுக்கும் பாரவண்டிக்கும் வளர்த்த இனம். காங்கேயத்தை அடுத்த பழையகோட்டையில் பெரிய நிலக்கிழார்களான பட்டக்காரர் வீட்டில் தலைமுறைகளாகப் பொறுக்கி வளர்த்தார்கள் என்றால், அப்போது அந்தக் காளைக்கு வேலை இருந்தது. இப்போது டிராக்டர் வந்துவிட்டது. இருந்தும் செவலையாகப் பிறந்த கன்று மாதங்கள் போகப் போக சாம்பல் நிற மயிலையாக மாறுவதைக் கட்டுத்தரையில் நின்று பார்த்தவன் அந்த மாட்டை விட மாட்டான். உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் பண்ணைத் திட்டத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், சாணி அள்ளப்போவது யார் என்று அதிலும் எழுதவில்லை.

வேலையை இப்போதே விடாதீர்கள். புரட்டாசியில் விடுப்புப் போட்டுவிட்டு வாருங்கள். அம்மாவோடு வேலி நடந்து பாருங்கள். எந்தத் துண்டில் புல் தளர்ந்திருக்கிறது, எதை உழுது கம்போ கொள்ளோ விதைத்துத் திரும்ப எழுப்ப வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரியும். எனக்கு முடியவில்லை, குத்தகைக்கே விட்டுவிடலாம் கண்ணு என்று அவரே சொன்னால், மண்பாசம் அது இது என்று அவரிடம் வசனம் பேசாமல் விட்டுவிடுங்கள். முதுகு அவருடையது.

அப்புறம், மழை விழுந்து புதுப்புல் முளைத்ததும் துள்ளுமாரி நோய் வரும். ராத்திரி நன்றாக இருந்த கொழுத்த குட்டியாகப் பார்த்துக் காலையில் சாகடித்துவிடும். தடுப்பூசியை மழைக்கு முன்னாலேயே போட்டாக வேண்டும். போனில் அம்மாவிடம் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், நீங்களே போய் இருபது ஆட்டையும் பிடித்துக் கொடுங்கள்.