வயிற்றுக் குழாயில் உணவு எடுக்கும் குழந்தையோடு டிஸ்னி வேர்ல்டு போகலாமா?

இரண்டு வயதுப் பிள்ளைக்கு வயிற்றுக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு, போதாததற்குப் பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் சரி என்றால் தாராளமாகப் போகலாம்.

வெளி உணவுக்கு அங்கே தடையில்லை. ஃபார்முலா (குழாயில் செலுத்தும் சத்துணவு), அதைச் செலுத்தும் பம்ப், சிரிஞ்ச் எல்லாம் கொண்டுபோகலாம். கூலரில் உதிரி ஐஸ் கூடாது, ஜெல் பேக் வையுங்கள்.

வெயில்தான் பெரிய வில்லன். கலக்கிய பவுடர் ஃபார்முலாவை 4 மணி நேரத்துக்கு மேல் பம்ப் பையில் விடக்கூடாது என்பார்கள். டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஓர்லாண்டோ பகுதியின் ஜூலை மாத வெயிலில் அவ்வளவு நேரம்கூட வேண்டாம், அந்தந்த வேளைக்குக் கலக்குங்கள். டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் கிறிஸ்டல் பேலஸ் உணவகத்தை ஒட்டி பேபி கேர் சென்டரும் முதலுதவி நிலையமும் இருக்கின்றன. ஏசியில் உட்கார்ந்து நிதானமாக ஊட்டலாம்.

மாற்று பட்டன் (வயிற்றுத் துளையில் பொருத்தும் குழாய்முனை) ஒன்று பையில் கட்டாயம் இருக்கட்டும். கழன்றுவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். யார், எப்படி மாற்றுவது என்று முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாயால் சாப்பிடாத பிள்ளைதானே என்று ஒவ்வாமையை லேசாக விடாதீர்கள். யாரோ ஐஸ்கிரீம் கையோடு பிடித்த கம்பியை இவனும் பிடிப்பான், அப்புறம் விரல் வாய்க்குப் போகும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், பால் புரதத்தை நீக்காது. சோப்பு, இல்லையென்றால் ஈரத் துடைப்பான். கடும் ஒவ்வாமைக்கு அவசரமாகப் போடும் எபினெஃப்ரின் ஊசி இரண்டு, வெயிலில் நிற்கும் ஸ்ட்ரோலரில் வைக்காமல், எப்போதும் உங்கள் கைப்பையில்.