நேற்று தெரிந்த வாய்ப்பாடு இன்று மறந்துபோனால்

வணக்கம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், சர்ரேயில் நீங்கள் எடுத்து வளர்க்கும் ஒன்பது வயதுப் பையனுக்கு எஃப்ஏஎஸ்டி, அதாவது கருவிலேயே மதுவால் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு இருப்பது உறுதியாகியும், "வேண்டுமென்றே சொல்பேச்சு கேட்பதில்லை" என்று ஆசிரியர் இடைவேளையைப் பறிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்தத் தண்டனையை நிறுத்தச் சொல்லுங்கள். ஓடியாடும் நேரம்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளை அடுத்த பாடத்துக்கு உட்கார வைக்கிறது. நேற்று ஒப்பித்த வாய்ப்பாடு இன்று வராமல் போவது திமிர் இல்லை, பாதிப்பின் இயல்பே அதுதான். சலிக்காமல் மறுபடி சொல்லித்தர வேண்டும்.

"புத்தகத்தை எடுத்து, 20-ஆம் பக்கத்தைத் திறந்து, மூன்றாவது கணக்கைப் போடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் அவனுக்குக் கடைசித் துண்டு மட்டுமே மிஞ்சலாம். "புத்தகத்தை எடு." எடுத்த பிறகு அடுத்தது. அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி அவன் மேசையிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் எஃப்ஏஎஸ்டிக்கென்றே மாகாணத் திட்டம் ஒன்று பிரின்ஸ் ஜார்ஜ் நகரிலிருந்து இயங்குகிறது. பிள்ளைகளுக்கு அல்ல, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது அதன் வேலை. என்னைக் கேட்டால், தொடங்க வேண்டிய சரியான இடம் அதுதான். அந்தப் பயிற்சியை எடுக்கும்படி பள்ளி முதல்வரிடம் கேளுங்கள்.

அப்புறம், அவனுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று பள்ளி அவனுக்கென்றே எழுதும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதியிருக்கிறார்களா? இல்லையென்றால் உடனே கூட்டம் கேளுங்கள். மருத்துவ அறிக்கையின் நகலோடு, வீட்டில் எந்தச் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொள்கிறான், எந்த நேரத்தில் சோர்ந்துபோகிறான் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள்.