திருநெல்வேலி ஊழியருக்குப் பணம் அனுப்ப எந்தக் கணக்கு சரி?

கேள்வி: எங்கள் சபை கோலாலம்பூரில் செந்தூலில் இருக்கிறது. மிஷன் கமிட்டிப் பொருளாளராக இந்த வருடம்தான் பொறுப்பெடுத்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஊழியம் செய்யும் குடும்பத்துக்குப் பல வருடமாக மாதம் 600 ரிங்கிட் அனுப்புகிறோம், அவருடைய சொந்தக் கணக்குக்கு. இப்போது அவருடைய வங்கி, "இது யார் பணம், எதற்காக வருகிறது?" என்று கேட்கிறதாம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சகோதரர், "என்னிடம் கொடுங்கள், நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொண்டு மறுநாளே அவர் கையில் சேர்த்துவிடுகிறேன்" என்கிறார். கமிட்டியில் சிலர், குடும்பச் செலவு என்று எழுதி ஆளாளுக்குப் பிரித்து அனுப்பலாம் என்கிறார்கள். எங்கள் சபைப் பிள்ளை ஒருவரும் மனைவியோடு சரவாக்கில் ஊழியத்தில் இருக்கிறார். அவருக்கும் மாதாமாதம் கொடுக்கிறோம். எதை எப்படிச் சரிசெய்வது?

பதில்:

சகோதரி, பிரிக்ஃபீல்ட்ஸ் சகோதரரிடம் ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். இந்த மாதக் காணிக்கை சபைக் கணக்கிலேயே இருக்கட்டும். ஊழியருக்குப் போன் செய்து, "உங்களை விட்டுவிடவில்லை, அனுப்பும் வழியைத்தான் மாற்றுகிறோம்" என்று சொல்லிவிட்டு மீதியை வாசியுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் சகோதரர் செய்கிற தொழிலுக்குப் பெயர் உண்டியல். இங்கே நீங்கள் வெள்ளியை, அதாவது ரிங்கிட்டைக் கொடுப்பீர்கள், அங்கே முன்பின் தெரியாத ஒருவர் ரூபாயைக் கொண்டுவந்து கொடுப்பார். நடுவில் வங்கியும் கிடையாது, ரசீதும் கிடையாது. 2011ஆம் ஆண்டின் பணச் சேவைத் தொழில் சட்டப்படி, மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் இல்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது இந்நாட்டில் குற்றம். அந்த ரூபாய் எந்தக் கறையோடு வருகிறது என்று உங்களுக்கும் தெரியாது, வாங்குகிற ஊழியருக்கும் தெரியாது. நூற்றுக்கு ஐந்து என்றால் மாதம் 30 ரிங்கிட், வருடத்துக்கு 360. விதவைகளும் பென்ஷன்காரர்களும் காணிக்கைப் பையில் போட்ட காசு அது.

இந்த இடைத்தரகர்கள்மேல் எனக்குக் கோபம் அதிகம், மறைக்கவில்லை. பல வருடமாகச் சபைக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறேன். ஒரு முறை கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டு சபைகளின் கோப்புகள் ஒரே வாரத்தில் என் மேசைக்கு வந்தன. இரண்டிலும் ஒரே அனாதை இல்லப் படம். அதே நீலச் சுவர், அதே பிள்ளைகள். ஒரு கோப்பில் ஆந்திரா என்று எழுதியிருந்தது, மற்றதில் ஒடிசா. இரண்டு சபைகளையும் "அறிமுகப்படுத்தி வைத்தவர்" ஒரே ஆள். ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டேன். "ஊழியத்தில் கணக்குக் கேட்டால் விசுவாசக் குறைவு ஆகாதா?" என்றார்கள். ஆகாது, சகோதரி. எருசலேம் ஏழைகளுக்குக் காணிக்கை சேர்த்த பவுலே, சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூடவே அழைத்துக்கொண்டுதான் போனார். யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்ற கவனம் அவருக்கு இருந்தது.

இனி அந்த வங்கியின் கேள்விக்கு வருவோம். அது வீண் தொந்தரவு இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடைகளுக்கு இந்தியாவில் தனிச் சட்டமே இருக்கிறது. 1976இல் முதலில் வந்தது, 2010இல் புதிதாக எழுதப்பட்டது, 2020இல் இன்னும் இறுக்கப்பட்டது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், சுருக்கமாக எஃப்.சி.ஆர்.ஏ. என்பார்கள். மத ஊழியம், கல்வி, சமூக சேவை போன்ற பணிகளை நடத்துகிறவர் வெளிநாட்டுப் பணம் வாங்க வேண்டுமானால் டெல்லியில் உள்துறை அமைச்சிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட தொகைக்கு முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். உங்கள் ஊழியரைப் போல ஊழியத்துக்கென்று வரும் பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் வாங்குவதை அந்தச் சட்டம் அனுமதிக்காது.

இங்கே நம் ஆட்கள் உடனே சொல்வது, "நாங்கள் என்ன வெள்ளைக்காரரா? எங்கள் தாத்தா அந்த ஊரிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்தானே?" அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் பார்ப்பது பாஸ்போர்ட்டை. மலேசியக் குடிமகன் என்றால் வெளிநாட்டு மூலம்தான். இந்திய வம்சாவளியினருக்கு டெல்லி கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அப்படியே.

நுணுக்கங்களை விடுங்கள். உங்களுக்கு ஒரே ஒரு சோதனை போதும். யார் கணக்கு எண் அனுப்பினாலும், "இது எந்த வங்கி, எந்தக் கிளை?" என்று கேளுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்பு இந்தியாவின் எந்த மூலையில் இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடையை முதலில் வாங்க வேண்டிய இடம் ஒன்றுதான்: ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவின் புதுடெல்லி முதன்மைக் கிளை. அங்கே வந்து சேர்ந்த பிறகுதான் ஊரிலுள்ள கணக்குக்கு மாற்றிக்கொள்வார்கள். பாளையங்கோட்டைக் கிளை, நாகர்கோவில் கிளை என்று எண் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கணக்கு ஒரு ஆளின் பெயரில் இருந்தாலும் நிறுத்துங்கள். "பாஸ்டர் பெயரும் டிரஸ்ட் பெயரும் ஒன்றுதான்" என்பார்கள். இல்லை, இரண்டும் வேறு.

இன்னொரு பொறி, படித்தவர்களே விழுவது. "எங்களுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. இருக்கிறது. எங்களுக்கு அனுப்புங்கள், உங்கள் ஊழியருக்கு நாங்கள் மாற்றிக் கொடுக்கிறோம்" என்று ஒரு பெரிய அமைப்பின் பெயரில் கடிதம் வரும். ஒரு காலத்தில் இதற்கு வழி இருந்தது. 2020 முதல், வெளிநாட்டு நன்கொடையை ஓர் அமைப்பு இன்னொருவருக்குக் கைமாற்றுவது தடை. அந்த அமைப்பு தன் சொந்த ஊழியத்துக்கு, தன் ஊழியராக அவரை வைத்துச் செலவு செய்தால் அது வேறு விஷயம். வாங்கிக் கொடுப்பதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இனி, கமிட்டியில் சிலர் சொன்ன யோசனை. இதை நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் போன வருடம் மட்டும் இதையே நாலு சபைகள் என்னிடம் கேட்டன. உறவினருக்கு விலக்கு இருப்பது உண்மை. நீங்கள் உங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து ஊரிலிருக்கும் உங்கள் அம்மாவுக்கோ தம்பிக்கோ அனுப்பினால் அது குடும்ப விஷயம். பதிவு வேண்டாம், டெல்லிக் கிளை வேண்டாம். வருடத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் மட்டும் வாங்கினவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு ஒரு லட்சமாக இருந்தது, 2022இல் உயர்த்தினார்கள். ஆனால் உறவினர் என்ற சொல் நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் வருகிற உறவினர் இல்லை. பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் போன்ற மிக நெருங்கியவர்கள் என்று சட்டம் குறுக்கிவிடுகிறது. பெரியம்மா மகனும் ஒன்றுவிட்ட அண்ணனும் அதில் வரமாட்டார்கள். விசுவாசக் குடும்பத்து அண்ணன் வரவே மாட்டார்.

அதைவிட முக்கியம் பணம் யாருடையது என்பது. ஊழியரின் கூடப்பிறந்த அக்காவே உங்கள் சபையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தன் சொந்தக் காசை அனுப்பினால் விலக்கு பொருந்தும். மிஷன் ஞாயிறன்று எடுத்த காணிக்கையை அவர் பெயரில் அனுப்பினால் அது அக்காவின் பணம் இல்லை, சபையின் பணம். படிவத்தில் குடும்பப் பராமரிப்பு என்று எழுதுவது பொய். பத்துப் பேர் ஆளுக்கு 60 வெள்ளியாக அனுப்பினால் பத்துப் பொய். வங்கியின் கணினிக்கு ஒரே கிராமத்துக் கணக்குக்குப் பத்து அந்நியர் மாதாமாதம் அனுப்புவது பளிச்சென்று தெரியும். வழக்கு வந்தால் விமானம் ஏறிப்போய்க் கூண்டில் நிற்பது உங்கள் கமிட்டி இல்லை. சட்டத்தை மீறி வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது. அது அந்தக் கிராமத்து வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

அப்படியானால் அவரை எப்படித்தான் தாங்குவது? "நீங்கள் எந்தச் சபைக்கு, எந்த மிஷனுக்குக் கட்டுப்பட்டவர்?" என்று அவரிடமே கேளுங்கள். ஏதாவது திருச்சபையிலோ மிஷன் சங்கத்திலோ இருந்தால், அந்த அமைப்புக்குப் பதிவு உண்டா என்று பார்த்து, அதன் ஊழியத்துக்கு நேரடியாகக் கொடுங்கள். பதிவுச் சான்றிதழின் நகல், அது எதுவரை செல்லும் என்ற தேதி, டெல்லிக் கணக்கின் விவரம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழ் ஐந்து ஆண்டுக்குத்தான். புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களை டெல்லி மாதக்கணக்கில் காக்க வைத்ததும், தேதியைத் திரும்பத் திரும்ப நீட்டி அறிவிப்பு போட்டதும் உண்டு. நேர்மையான சிறிய அமைப்புகள் இதில் நொந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். இங்கேயும் சுகம் இல்லை. நன்கொடை என்று உண்மையை எழுதினால் வங்கி கவுண்ட்டரில் ஒரே கடிதத்தை மூன்று தரம் கேட்பார்கள். பொய் எழுதுகிறவன் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு போகிறான்! இருந்தாலும் நன்கொடை என்றே எழுதுங்கள், செயற்குழுத் தீர்மானத்தின் நகலைக் கூடவே கொண்டுபோங்கள்.

அவர் தனி ஊழியர், எந்த அமைப்பும் இல்லை என்றால், பணம் அனுப்புவதை நிறுத்தத்தான் வேண்டும். கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் திருநெல்வேலி ஏழை மண் என்றாலும் மிஷனுக்குப் புதிய மண் இல்லை. 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய நண்பர்களும் அங்கே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, உள்ளூர்ச் சபைகளின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். 1912இல் அசரியா அங்கேயே பேராயரானார். உங்கள் ஊழியரைச் சுற்றியிருக்கும் சபைகள் அவருக்கு என்ன செய்கின்றன என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அங்கே யாருமே அவரை அறியவில்லை என்றால், அதுவும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான். அதுவரை வாரம் ஒரு முறை போனில் அவரோடும் பிள்ளைகளோடும் பேசி ஜெபியுங்கள். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

இப்போது அவர் வங்கிக்கு என்ன சொல்வது? உண்மையை. உறவினர் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். இத்தனை வருடமாக அனுப்பியதன் ரசீதுகளை எல்லாம் திரட்டி நகல் அனுப்புங்கள். இந்தச் சட்டத்தில் பழக்கமுள்ள ஓர் ஆடிட்டரைத் திருநெல்வேலியிலோ மதுரையிலோ அவர் நேரில் பார்க்கட்டும். பதில் எழுதுவது அதற்குப் பிறகு. வாட்ஸ்அப்பில் யோசனை சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்டு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

டிசம்பர் லீவில் வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போகும் திட்டம் இருந்தால் ஒரு வார்த்தை. சுற்றுலா விசாவில் போய்ச் சுற்றிப் பார்க்கலாம், அவர் வீட்டில் சாப்பிடலாம். மேடை ஏறிப் பிரசங்கிக்கக் கூடாது, துண்டுப்பிரதி கொடுக்கக் கூடாது. அதற்கு மிஷனரி விசா தனி. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்களும் மிஷனரிப் பணிக்குச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும் என்று 2021இல் அறிவித்துவிட்டார்கள். நீங்கள் பிளைட் ஏறித் திரும்பிவிடுவீர்கள். போலீஸ் வந்து கேள்வி கேட்பது அவரைத்தான்.

சரவாக் தம்பதியரின் விஷயம் எளிது என்று நினைக்கிறீர்கள், ஒரே நாடுதானே என்று. குடிநுழைவில் சரவாக்கும் சபாவும் தனி அதிகாரம் உள்ளவை. நாம் சும்மா போய் 90 நாள் வரை தங்கலாம், வேலை செய்ய அனுமதி வேறு. 90 நாள் முடிகிறபோது ஒரு தரம் கோலாலம்பூருக்கு வந்துவிட்டுத் திரும்புகிற பழக்கம் ஊழியர்களிடையே இருக்கிறது. அதை உங்கள் சபை ஆதரிக்க வேண்டாம். அங்கே அவரைப் பொறுப்பேற்றிருக்கும் சபையிடம், அனுமதிக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று எழுதிக் கேளுங்கள்.

அவருக்கு நீங்கள் கொடுப்பதற்கு அன்பளிப்பு என்றுதானே கணக்கில் எழுதுகிறீர்கள்? மாதம் தவறாமல் ஒரே தொகை, வேலையையும் லீவையும் தீர்மானிப்பது கமிட்டி என்றால் அது சம்பளம். சம்பளம் என்றால் இ.பி.எஃப். என்கிற சேமநிதிக்கு அவர் பங்கு 11 விழுக்காடு, சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாதவரை சபையின் பங்கு 13 விழுக்காடு, சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி தனி. பட்ஜெட்டில் அந்த 13 விழுக்காட்டுக்கு இடம் இல்லை என்று சொல்கிற கமிட்டிகள் அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்குகின்றன என்பது எனக்குத் தெரியும். முப்பது வருடம் எஸ்டேட் எஸ்டேட்டாக மோட்டார் சைக்கிளில் சுற்றிய ஓர் ஊழியரின் சேமநிதிக் கணக்கை அவருடைய அறுபதாம் வயதில் நான் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்துப் பணம் மட்டும்தான் அதில் இருந்தது. அவர் மேடை ஏறியபோதெல்லாம் கைதட்டிய சபைகளில் ஒன்றுகூட அந்தக் கணக்கில் ஒரு வெள்ளி போட்டதில்லை.

உங்கள் சரவாக் ஊழியர் உண்மையிலேயே யாரிடமும் வேலையில் இல்லாமல் பல சபைகளின் காணிக்கையில் வாழ்கிறவர் என்றால் சேமநிதியில் ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. தானே கட்டலாம், அரசாங்கமும் வருடத்துக்கு அதிகபட்சம் 500 ரிங்கிட் வரை சேர்த்துப் போடும். சபை மாதம் நூறு வெள்ளியை அதற்கென்றே தனியாகக் கொடுக்கலாம். அவருக்கு இ.பி.எஃப். எண் இருக்கிறதா, கடைசியாக எப்போது பணம் போனது என்று இன்று இரவே அவர் மனைவியிடம் கேளுங்கள். ஊழியர்களைக் கேட்டால் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிடுவார்கள். மனைவிமார்களுக்குத்தான் தொகை தெரியும்.