வாசகர் கேள்வி-பதில்: போதை மீட்புக் குழுக்கள்

கேள்வி: என் தம்பி போதைமருந்தை விட்டு மூன்று வாரம் ஆகிறது. நார்கோடிக்ஸ் அனானிமஸ் (போதையிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழு) கூட்டத்துக்குப் போகச் சொன்னால், "நாலு பேர் முன்னால் பேச வராது" என்கிறான். அங்கே என்னதான் நடக்கும்?

பதில்: பேசியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "இன்றைக்குக் கேட்க வந்தேன்" என்றால் போதும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும். முதலில் சிறு வாசிப்பு, பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். குறுக்கே புகுந்து யோசனை சொல்வது வழக்கமில்லை. வாயைத் திறந்தாலே அறிவுரை வந்து விழும் வீட்டிலிருந்து வருகிறவருக்கு இதுவே பெரிய ஆறுதல். கட்டணம் கிடையாது, காணிக்கை அவரவர் விருப்பம். பல குழுக்களில் புதியவருக்குச் சாவியில் மாட்டும் வெள்ளை வில்லை (கீ டேக்) தருவார்கள். போதையைத் தொடாமல் 30 நாள் கடந்தால் ஆரஞ்சு, 60இல் பச்சை, 90இல் சிவப்பு. வெறும் பிளாஸ்டிக்தானே என்று வீட்டில் கேலி பேசிவிடாதீர்கள்.

புதியவர்கள் பலர் கூட்டம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள். போன் நம்பர் கைமாறுவது அதற்குப் பிந்தைய கால்மணி நேரத்தில்தான். இரவு பதினொரு மணிக்கு ஏக்கம் தலைதூக்கும்போது உதவப்போவது அந்த நம்பர்தான். நீங்களும் கூடப் போவதானால், அது 'திறந்த கூட்டமா' என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மூடிய கூட்டத்தில் குடும்பத்தாருக்கு இடமில்லை.

கேள்வி: ஹெராயின் போன்ற போதையின் ஏக்கத்தைக் கட்டுப்படுத்த டாக்டர் கொடுத்த புப்ரெனார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறேன். "அதுவும் போதைதான், நிறுத்து" என்கிறார் குழுவில் மூத்த ஒருவர்.

பதில்: நிறுத்தாதீர்கள். குழுவில் சேர, போதையை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. மாத்திரையைத் தொடர்வதா, குறைப்பதா என்பது உங்கள் மருத்துவர் பார்க்க வேண்டியது. அங்கே நெருக்கடி தொடர்ந்தால் வேறு குழுவைப் பாருங்கள். எல்லாக் குழுவும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

கேள்வி: ஐந்து மாதம் ஹெராயின் தொடவில்லை. போன வாரம் சறுக்கிவிட்டேன். எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

பதில்: அடுத்த கூட்டத்துக்கே போங்கள். நாள் கணக்குதான் புதிதாகத் தொடங்கும். ஐந்து மாதத்தில் கற்றது அழியாது. ஸ்பான்சர் (குழுவில் உங்களுக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) இருந்தால் இன்றே கூப்பிடுங்கள். சறுக்கலுக்கு முந்தைய இரண்டு நாளை எழுதிப் பாருங்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. இவற்றில் ஒன்றாவது அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

வெட்கத்தைவிட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. விட்டிருந்த மாதங்களில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். தனியாக இருக்கும்போது எடுத்தால் காப்பாற்ற ஆளில்லை. போதை அளவு மீறியதன் அறிகுறிகளை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்கட்டும்: எழுப்பினாலும் எழாமை, குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு, குறட்டை போன்ற கரகர மூச்சு. உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நாலாக்சோன் (ஹெராயின் போன்றவற்றின் விளைவை முறிக்கும் மருந்து) கையில் இருந்தால் கொடுக்கலாம். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். இல்லையென்றால் செயற்கை சுவாசம் தர வேண்டும். நாலாக்சோன் கொடுத்துக் கண் திறந்துவிட்டார் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்த மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடம் வரைதான். அது தீர்ந்ததும் மூச்சு மறுபடி அடங்கலாம்.