துபாய் பீஸ் போனுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: போன நவம்பரில் ரிச்சி தெருவில் ஒரு கடையில் 68,000 ரூபாய்க்கு போன் வாங்கினேன். அதே மாடல் ஷோரூமில் 82,000. "துபாய் பீஸ் மேடம், இன்டர்நேஷனல் வாரண்டி, ஒரு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்" என்றார் கடைக்காரர். நாலே மாதத்தில் திரையில் பச்சைக் கோடு விழுந்துவிட்டது. "இது இந்தியாவில் விற்ற போன் இல்லை, வாரண்டி கிடையாது, டிஸ்பிளே மாற்ற 21,000 ஆகும்" என்கிறது சர்வீஸ் சென்டர். கடைக்காரரோ "ஷாப் வாரண்டி உள்ளே இருக்கும் மதர்போர்டுக்கு மட்டும்தான்" என்கிறார். வழக்குப் போட்டால் நிற்குமா? இன்னொன்று. என் கணவரின் போன், அவருடைய அண்ணன் 2025 ஆகஸ்ட்டில் துபாயிலிருந்து பரிசாகக் கொண்டுவந்தது. மதிப்பு 90,000 இருக்கும். ஏர்போர்ட்டில் எதுவும் சொல்லாமல் எடுத்து வந்துவிட்டாராம். அதனால் வம்பு வருமா? இனி எல்லா போனையும் அவரிடமே சொல்லி வாங்கலாம் என்கிறார் கணவர். சரியா?
வாசகி, வேளச்சேரி

பதில்: நிற்கும். ஆனால் யார் மேல் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் கடிதத்தில் கோபமெல்லாம் சர்வீஸ் சென்டர் மேல்தான் இருக்கிறது. அவர்களிடம் ஒரு பலமான பதில் இருக்கிறது: "நாங்கள் இதை இந்தியாவில் விற்கவில்லை, இறக்குமதி செய்யவும் இல்லை." பல கம்பெனிகளின் வாரண்டி நிபந்தனையிலேயே, எந்த நாட்டில் விற்கப்பட்டதோ அந்த நாட்டில்தான் சேவை என்று இருக்கும். போன் எங்கே செய்யப்பட்டது என்பது கணக்கில் வராது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செய்த போனே கப்பலேறி வெளிநாட்டில் விற்பனையாகித் திரும்பி வந்தால், பிறந்த ஊரிலேயே அதற்கு வாரண்டி மறுக்கப்படலாம். வேடிக்கைதான், ஆனால் நிலைமை அதுதான்.

உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். சென்னையில் கடை போட்டு, உங்களிடம் காசு வாங்கி, "வாரண்டி உண்டு" என்று சொல்லி விற்றவர் அவர். பொருள் துபாயிலிருந்து வந்ததா, டோக்கியோவிலிருந்து வந்ததா என்பது அவருடைய பாடு. இல்லாத வாரண்டியை இருப்பதாகச் சொல்வது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முறையான பில் தராததும் அதே பிரிவில்தான் வருகிறது.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கடை கொடுத்தது பில்லே இல்லை. மேலே "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை. கீழே பேனாவால் "1 வருடம் ஷாப் வாரண்டி" என்று எழுதியிருக்கிறது; போர்டுக்கு மட்டும் என்று எங்கும் இல்லை. அந்த வரி உங்களுக்குத் தங்கம், சீட்டை லேமினேட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள். பெட்டியில் அரபி எழுத்து இருக்கிறது. இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை போட்ட ஸ்டிக்கர் இல்லை. இங்கே விற்கும் இறக்குமதிப் பெட்டியில் அது இருந்தாக வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள். முறைப்படி வந்த சரக்கு இல்லை என்பதற்கு அதுவே ஒரு அடையாளம். விலை ஏன் அவ்வளவு குறைந்தது என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கும்: முழு போனாக இறக்குமதி செய்தால் 15 சதவீத சுங்கம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. துபாயில் வாட் வரி 5 சதவீதம்தான்.

இப்போது செய்ய வேண்டியது. *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எடுத்து, பெட்டியிலும் சீட்டிலும் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சீட்டில் கடைசி இரண்டு இலக்கம் அழிந்திருக்கிறது. "நான் விற்ற போனே இது இல்லை" என்று அவர் சொல்லும் வழியை முதலிலேயே அடைத்துவிட வேண்டும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்து, வருவதைப் படமெடுத்து வையுங்கள். அப்புறம் சர்வீஸ் சென்டருக்குப் போய் ஜாப் ஷீட், அதாவது போனைப் பார்த்து அவர்கள் எழுதித் தரும் தாள், வாங்குங்கள். கீழே விழுந்த தடம் இல்லை, தண்ணீர் புகவில்லை, வாரண்டி மறுப்புக்குக் காரணம் இது என்று அதில் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் "நீங்கள்தான் கீழே போட்டீர்கள்" என்பார் கடைக்காரர். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சாட்சியம்தான். அவற்றை, மின்னணுப் பதிவுகளுக்குப் பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்வது நல்லது.

அடுத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பணம் திரும்ப வேண்டும், அல்லது டிஸ்பிளே மாற்றித் தர வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். "மன உளைச்சலுக்கு 10 லட்சம்" என்றெல்லாம் எழுதி உங்கள் வழக்கை நீங்களே சிரிப்பாக்கிக்கொள்ள வேண்டாம். பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார். சென்னையில் வடக்கு, தெற்கு என இரண்டு மாவட்ட ஆணையங்கள் இருக்கின்றன. நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே புகார் கொடுக்கலாம் என்கிறது 2019 சட்டம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை (எங்கள் பிழைப்பில் நானே மண்ணைப் போடுகிறேன்). காலக்கெடு இரண்டு வருடம். சட்டப்படி ஆய்வு தேவைப்படாத புகார் மூன்று மாதத்தில் முடிய வேண்டும். நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் முயன்று பாருங்கள்.

"குறைந்த விலைக்கு எல்லாம் தெரிந்துதானே வாங்கினார்" என்று கடைக்காரர் வாதாடுவார். விலை குறைவு என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. வாரண்டி இல்லை என்று யாரும் சொல்லவில்லை, இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். புகாரில் நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். "துபாய் பீஸ்" என்று அவர் சொன்னதை மறைக்க வேண்டாம். தீர்ப்பு வரும்வரை வெளிக்கடையில் டிஸ்பிளேயை மாற்றிவிடாதீர்கள். பழுதைக் காட்ட வேண்டிய பொருளே அதுதான்.

இனி அண்ணன் விஷயம். 2025-இல் நடப்பில் இருந்த, பயணிகளின் சாமான்களுக்கான பேக்கேஜ் விதிகளின்படி துபாயிலிருந்து வரும் இந்தியருக்கு 50,000 ரூபாய் வரை சுங்கத் தீர்வை இல்லை. அவருடைய சொந்த உபயோகத்தில் உள்ள போன் அந்தக் கணக்கில் சேராது. தம்பிக்குப் பரிசாகக் கொண்டுவந்த புதுப் போன் சேரும். 90,000-இல் 50,000 போக மீதி 40,000. அதற்கு 38.5 சதவீதம், அதாவது 15,400 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். பயணப் பெட்டியில் வேறு புதுச் சாமான் இருந்திருந்தால் இன்னும் கூடும். கூட வந்தவருடைய வரம்பையும் சேர்த்து ஒரே போனுக்குக் கணக்குக் காட்ட முடியாது. தீர்வை கட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் பேசாமல் நடந்து வந்தது தவறுதான்; அங்கேயே பிடித்திருந்தால் போனைப் பறிமுதல் செய்து, மீட்க அபராதம் கேட்டிருப்பார்கள். வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு போனுக்காக இப்போது யாராவது கதவைத் தட்டுவார்களா என்றால், நான் பார்த்தவரை இல்லை. அடுத்த முறை சிவப்பு வழியில் போய்க் காட்டிவிட்டு, கட்டிய ரசீதை வாங்கி வரச் சொல்லுங்கள்.

அங்கிருந்தே வாங்கலாமா என்றால், தீர்வை வந்தால் அதையும் கூட்டிப் பாருங்கள், லாபம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். அந்த போனில் கோடு விழுந்தால் வழக்குப் போட இங்கே ஒரு கடைக்காரர்கூட இருக்க மாட்டார். துபாய்க் கடை மேல் இங்கே உத்தரவு வாங்கினாலும் அதை அங்கே நிறைவேற்றுவது போன் விலைக்குக் கட்டுப்படியாகாது. எந்த நாட்டு மாடல் என்பதையும் பார்க்க வேண்டும்: ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கும் இசிம் மட்டும்தான். அண்ணன் வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறவர், பழுதானால் எடுத்துப்போய் அங்கேயே சரிசெய்து தருவார் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் ஜிஎஸ்டி பில் தரும் உள்ளூர்க் கடையில் 82,000 கொடுப்பதே மேல் என்பேன்.